ஆகஸ்ட் மாதத்துப் புலம்பல்

சிங்கப்பூரில், கிளமெண்டியில் சூசைநாதன் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் ஏழாம் மாடிக்கு லிஃப்ட் நிற்காது. ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். ஏழில் இருப்பவர்கள் ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி படியில் கீழே வர வேண்டும். மீனும் காய்கறியும் வாங்கி வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. பாதி டிவி ஸ்டேஷனை வாங்கிக்கொண்டு வருகிறவருக்குத்தான் கஷ்டம்.

அன்று அவர் வாங்கி வந்தது கிட்டத்தட்ட அப்படி ஒரு சாமான்தான். யூமேட்டிக் என்று பெயர். விளம்பரப் படம் எடுக்கிறவர்கள், செய்திப் படம் எடுக்கிறவர்கள் வைத்திருக்கிற பெரிய வீடியோ மிஷின். ஒரு பக்கத்தை அவர் பிடித்திருந்தார், மறு பக்கத்தை அதை விற்ற அப்துல் அலீம் பிடித்திருந்தார். அலீமுக்குத் தேக்காவில், டன்லப் தெருவுக்குள், பழைய ரேடியோ டிவி வாங்கி விற்கிற கடை. படி முழுக்க அவர் வாய் ஓயவில்லை.

"அண்ணே, மெதுவா லா. கீழ போட்டா எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல, குப்பைக்காரனுக்குத்தான் அதிர்ஷ்டம்."

பிரிஜட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தைச் சுற்றிச் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். மிஷின் உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மேசை ஒரு முனகல் முனகியதும் கேட்டாள்.

"இது எதுக்கு?"

"பாட்டு பிடிக்க."

"யார் பாட்டு?"

சூசைநாதன் அலீமுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார். பதில் மூவருக்கும் தெரியாமல் இல்லை. அலீம் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

பிரிஜட் யார் என்று ஓஃபீர் ரோடு கோயிலில் கேட்டால் தெரியும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை முடிந்ததும் வியாகுல மாதாவின் புலம்பல் பாடுவார்கள். இறந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு தாய் ஒவ்வொன்றாகக் கேட்கிற பாட்டு. அதை இருபது வருஷமாக எடுத்துக் கொடுக்கிறவள் பிரிஜட். அவள் முதல் அடியை எடுத்தால் வெளியே பஸ்ஸுக்கு நிற்கிற சீனக் கிழவர்கூட ஒருமுறை கோயிலைத் திரும்பிப் பார்ப்பார். பெண்கள் பின்பாட்டுச் சொல்லிக்கொண்டே அழுவார்கள். பெரிய வெள்ளியன்று அழாமல் திரும்பியவர்கள் "இந்த வருஷம் பிரிஜட்டுக்குத் தொண்டை சரியில்ல போல" என்று அவள் மேலேயே குற்றம் சொல்வார்கள்.

அந்தத் தொண்டையில்தான் இப்போது கட்டி. தைராய்டு என்றார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. பார்த்துத்தான் செய்வோம், ஆனால் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரிஜட் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"கோயில்ல யாருக்கும் தெரிய வேணாங்க. இப்பவே எனக்கு ஒப்பாரி வச்சிடுவாங்க."

சூசைநாதன் தலையாட்டினார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றியது மாதிரி வேறு எந்தச் சொல்லையும் காப்பாற்றியதில்லை. கோயிலில் சொல்லவில்லை. ஜூரோங் கப்பல் பட்டறை ஸ்டோரில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லவில்லை. கடைசியில் பிரிஜட்டிடமே அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குப் பதிலாகத் தேக்காவுக்குப் போனார்.

ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. பயம் வந்தால் அழமாட்டார்கள், போய் ஏதாவது சாமான் வாங்குவார்கள். சூசைநாதனுக்கு வியாதி முற்றிய நிலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் சத்தம் என்றால் அது பிரிஜட்டின் சத்தம்தான். காலையில் அவரை எழுப்புகிற சத்தம், மீன்காரனோடு மலாயில் சண்டை போடுகிற சத்தம், துணி காயப்போடும்போது பாதி பாடி பாதி விட்டுவிடுகிற சத்தம். அது நின்றுபோன வீட்டை அவர் ஒரு ராத்திரி நினைத்துப் பார்த்தார். விடிந்ததும் வீட்டிலிருந்த கேசட் ரெக்கார்டரை எடுத்து அவள் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டார். பாட்டுக்கு முன்னால் இரைச்சல், பாட்டுக்குப் பின்னால் இரைச்சல், நடுவில் எங்கேயோ பெண்டாட்டி. அது போதவில்லை.

அலீம் கடையில் அவருக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, இந்த மிஷினின் நாடா கேசட் நாடாவைவிட நன்றாக அகலம்; நடத்தியவர்கள் தொழில்காரர்கள்; கம்பெனி மூடிவிட்டதால் சாமான் வெளியே வந்திருக்கிறது. இரண்டாவது விஷயத்தைச் சொல்லும்போது அலீம் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, இது படத்தப் பாத்து நடக்கிற மிஷின். வெறும் பாட்ட மட்டும் குடுத்தீங்கன்னா எவ்வளவு வேகத்துல போறதுன்னு அதுக்குத் தெரியாது. திரும்பப் போட்டா குரல் குடிகாரன் மாதிரி தள்ளாடும். ஏதாச்சும் ஒரு படமும் கூடவே போகணும். ஒரு கேமராவ மாட்டி விடுங்க, நான் தரேன், வேல முடிஞ்சதும் திருப்பிக் குடுங்க."

"படம் புடிக்க விடமாட்டா, பாய்."

"யாரு?"

சூசைநாதன் கடையில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களைப் பார்த்தார். "கோயில்ல பாடுறவங்க," என்றார்.

"அப்ப கேமராவுக்கு மூடியப் போட்டு விடுங்க. கறுப்பா இருந்தாலும் அதுக்குப் படம்தான். மிஷின் திருப்தியா நடக்கும்."

இப்போது அந்தக் கேமராவும் வந்து, மூடி போட்ட கண்ணோடு, அலமாரியின் மேல் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மூடி இருக்கிறது என்று எத்தனை சொன்னாலும் பிரிஜட் அதற்கு முன்னால் போகும்போது தலைப்பை இழுத்துக் கழுத்தை மறைத்துக்கொண்டுதான் போனாள்.

அந்த வாரம் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வேலை விட்டு வந்ததும் சூசைநாதன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மிஷினிடம் போவார். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று விசிறியை நிறுத்தினார். கடிகாரத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வைத்தார். ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று பிளக்கைப் பிடுங்கினார், திரும்பச் சொருக மறந்தார், மறுநாள் எலும்பு சூப்புக்கு வைத்திருந்த இறைச்சி நாறிப்போயிற்று. சுவரில் போர்வை தொங்கியது. பிரிஜட் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பாடச் சொன்னபோது பாடினாள். மாதா பாட்டுகள், கிறிஸ்துமஸ் பாட்டு, திருப்பலியில் பாடுகிறவை. சுருதி பிசகவில்லை, வார்த்தை பிசகவில்லை. அவர் திரும்பப் போட்டுக் கேட்டார். இரைச்சல் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. அலீம் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பாடுகிறது யாரோ. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பாடியிருந்தாள்.

"மனசு வச்சுப் பாடு, பிரிஜட்."

"வச்சுத்தான் பாடுறேன்."

"புலம்பல் பாடு. அதுலதான் நீ வருவே."

அவள் கையில் இருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள். "ஆகஸ்ட் மாசத்துலயா?"

அவர்கள் சனத்தில் அது ஒரு கட்டு. தவக்காலத்தில் கோயிலில் பாடலாம். மற்ற நாளில் அந்தப் புலம்பலை வீட்டில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள், ஒரே ஒரு சமயம் தவிர. வீட்டில் சாவு விழுந்து, பெட்டி நடுக்கூடத்தில் இருக்கும்போது, வாசல் கதவைத் திறந்து வைத்து, ஒரு பெண் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்வார்கள். எத்தனையோ வீடுகளில் பிரிஜட்டே போய் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நடுவில் ஒருநாள் பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் அந்த மெட்டு வந்துவிட்டால்கூட நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறவள்.

"அதெல்லாம் ஊர்ப்பேச்சு," என்றார் சூசைநாதன். "வேணும்னா ஃபாதரக் கேட்டுப் பாரு."

"ஃபாதர் பிரெஞ்சுக்காரர். அவருக்கு நம்ம சாவு என்ன தெரியும்?"

"பிரிஜட், திங்கக்கிழமை உன்ன அட்மிட் பண்றாங்க."

"தெரியும்."

"அடுத்த தவக்காலத்துல உன்னால பாட முடியலைன்னா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த பள்ளத்தில் நேராகக் காலை விட்டுவிட்டார். பிரிஜட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வார், கையைப் பிடிப்பார், என்று பார்த்தாளோ என்னவோ. அவர் குனிந்து மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"சரி," என்றாள். "சனிக்கிழமை மத்தியானம் பாடுறேன். ஒண்ணு மட்டும். கதவச் சாத்திக்கிட்டு அத நான் பாடமாட்டேன். வாசக் கதவு திறந்துதான் இருக்கணும்."

"காரிடார் சத்தம் எல்லாம் உள்ள வருமே!"

"அப்ப பாடல."

காரிடார் சத்தமா, பாட்டே இல்லாததா என்று எடை போட்டுப் பார்த்து அவர் ஒத்துக்கொண்டார். அந்த நிபந்தனைக்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கதவு திறந்திருந்தால் மைக்கை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் மனது போய்விட்டது.

சனிக்கிழமை வெயில் தகித்தது. விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. மைக் ஒயர் குட்டை, ஆகவே சூசைநாதன் மைக்குக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு மிஷினைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கூடத்துக்கு அவர் முதுகு. காதை மூடிப் பெரிய ஹெட்ஃபோன். புதிய டேப், செபப் புத்தகம் மாதிரி தடியாக, உள்ளே போய் உட்கார்ந்தது. இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். ஒலி அளவு காட்டுகிற முள் இரண்டும் உயிர் வந்து அசைந்தன.

பிரிஜட் வாசல் கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்கச் செருப்பு ஒன்றை அடியில் தள்ளினாள். வந்து மைக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். துக்க வீட்டில் அப்படித்தான் உட்காருவார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கழுத்திலிருந்த தலைப்பை எடுத்து மடியில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் அடி வந்தது.

சூசைநாதனின் காதுக்குள் இல்லை, தலைக்குள்ளேயே அவள் பாடினாள். மூச்சு எடுக்கிற இடம், தொண்டை அடைத்து விலகுகிற இடம், ஒரு வார்த்தையைப் பாதியில் உடைத்து மீதியை அடுத்த அடிக்கு இழுத்துக்கொண்டு போகிற இடம், எல்லாம் கேட்டது. கோயிலில் இருபது வருஷம் கேட்டும் கேட்காதது எல்லாம் இதில் கேட்டது. முள் சிவப்பைத் தொடாமல் ஆடியது. 'விழுது, விழுது, நல்லா விழுது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இனி எந்த டாக்டர் என்ன செய்தாலும் இது என்னிடம் இருக்கும். அந்த நிமிஷம் அவர் சந்தோஷமாக இருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தார்.

பக்கத்து வீட்டுத் தங்கம்தான் முதலில் வந்தாள். அவள் முருக பக்தை, மாதாவும் தெரியாது புலம்பலும் தெரியாது. ஆனால் எதிர்ச்சாரியில் பெரியவர் ஒருவர் இறந்தபோது இதே பாட்டை இதே குரலில் கேட்டவள். அடுப்பை அணைத்துவிட்டுக் கை ஈரத்தைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். அடுத்து அதே புளோக்கின் நான்காம் மாடியிலிருந்து மதலேனா, கோயில் பெண்கள் சங்கத்துப் பெரியவள், முழங்கால் வலியோடு படியேறி, கையில் செபமாலையோடு, "இயேசுவே, இயேசுவே" என்று வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

நிழல் விழுந்ததும் சூசைநாதன் திரும்பிப் பார்த்தார். வாசல் நிறையப் பெண்கள். ஹெட்ஃபோனைக் கழற்றாமலேயே உதட்டில் விரலை வைத்து, கண்ணை உருட்டி, பேசாதீர்கள் என்று சைகை காட்டினார்.

அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். துக்கத்தில் பேச முடியவில்லை, பாவம் மனுஷன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து பிரிஜட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். பெட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பிணம் ஆஸ்பத்திரியிலிருந்து இனிமேல்தான் வரும் போல. சுவரில் போர்வை தொங்குவதையும் கடிகாரம் இல்லாததையும் பார்த்துத் தங்கம் அவற்றையும் ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டாள். பிரிஜட் அடியை முடித்தாள். மதலேனா, பழக்க தோஷம், பின்பாட்டு எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

முள் சிவப்பில் போய் இடித்தது. சூசைநாதன் பதறி ஒலியைக் குறைத்தார். நல்ல டேப்பை நாசம் பண்ணுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் பிரிஜட் நிறுத்தவில்லை. கூட்டம் சேரச் சேர அவள் குரல் இன்னும் மேலே போயிற்று. அடுத்த அடி, அதற்குப் பின்பாட்டு, அடுத்த அடி. கடைசி அடியில் அவளுக்கே குரல் உடைந்தது. முடித்துவிட்டுக் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

மதலேனா அவள் தோளைப் பிடித்தாள். "யாரும்மா? யாருக்கு என்ன ஆச்சு? ஊர்ல இருந்து தந்தி வந்துச்சா?"

"எனக்குத்தான் அக்கா," என்றாள் பிரிஜட்.

ஒருவருக்கும் புரியவில்லை. சூசைநாதன் ஹெட்ஃபோனை இழுத்துக் கழற்றினார். என்னவோ சொன்னார். என்ன சொன்னோம் என்று அப்போது அவருக்கே பதியவில்லை. தங்கம் திரும்பி அவரைப் பார்த்த பார்வை மட்டும் பதிந்தது.

"திங்கக்கிழமை கழுத்த அறுக்கிறாங்க அக்கா. பாருங்க." பிரிஜட் முகத்தை உயர்த்திக் கட்டியைக் காட்டினாள். "பேச்சு வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியல. பயமா இருக்கு அக்கா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

மதலேனா அவளை இழுத்து மார்பில் சேர்த்துக்கொண்டாள். பிரிஜட் அழுதாள். கட்டி தெரிந்த நாளிலிருந்து அவள் அழுது சூசைநாதன் பார்த்ததில்லை. பார்க்காததால் அவளுக்கு அழுகை இல்லை என்று நினைத்திருந்தார். இப்போது அவள் வாய்விட்டு, மூக்கு ஒழுக, தலைமுடி கலைய, சாவு வீட்டில் அழுகிற மாதிரியே அழுதாள்.

"இத்தன நாளா ஏன்டி சொல்லல? வீட்டுக்காரர் கிட்டயாச்சும் சொல்லி அழக் கூடாதா?" என்று மதலேனா அவளோடு சேர்ந்து அழுதாள்.

"அவர்கிட்டயா?" பிரிஜட் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள், அது இன்னும் மோசமாக இருந்தது. "அழுதா அதையும் புடிச்சி வச்சிக்குவாரு."

தங்கம் எழுந்துபோய் அடுக்களையில் தேத்தண்ணி போட்டாள். ஃபிரிட்ஜ் அணைந்திருப்பதைப் பார்த்து அவளே பிளக்கைச் சொருகினாள். பெண்கள் வெகுநேரம் இருந்தார்கள். யாருக்கு எங்கே கட்டி வந்தது, யார் எப்படிப் பிழைத்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் சோறு நன்றாக இருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். சூசைநாதன் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. டேப் முடிந்து தானாக நின்றது.

திங்கட்கிழமை அட்மிட் பண்ணினார்கள், மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கட்டி கெட்ட கட்டியில்லை என்றார்கள். அந்த மட்டில் நிம்மதி. குரல் நரம்பு ஒன்று வேலை செய்யவில்லை என்றும் சொன்னார்கள். கொஞ்ச மாதம் பார்க்கலாம், வரலாம், வராமலும் போகலாம். கோயில் பெண்கள் முறை வைத்து வந்து கஞ்சி கொடுத்தார்கள். பிரிஜட் கழுத்தில் போட்ட பாண்டேஜை மறைக்கவில்லை. வாயசைவிலும் கையசைவிலும் மதலேனாவோடு ஓயாமல் பேசினாள். பிறகு சத்தம் வந்தது. மணலில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம். அதை வைத்துக்கொண்டு மீன்காரனோடு சண்டைகூடப் போட்டாள். சூசைநாதனிடம் மட்டும் தேவைக்கு மேல் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு போட்டாள், சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாள், சாவி எங்கே என்று சொன்னாள். வீடு அவர் அன்று ராத்திரி நினைத்துப் பார்த்து நடுங்கிய மாதிரியே ஆகிவிட்டது. டாக்டர் அதைச் செய்யவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து பிரிஜட் மதலேனாவோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சூசைநாதன் கதவைச் சாத்தினார். டேப்பை எடுத்து மிஷினில் தள்ளினார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அதைத் தொடவில்லை. திருட்டுத்தனமாகச் சீட்டாடப் போகிறவர் மாதிரி கதவை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். டிவியில் கறுப்புத் திரை வந்தது. அதற்குள்ளிருந்து பிரிஜட் பாடினாள்.

அவர் அழுதார். முதல் அடியிலேயே அழுதுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு, அவளுடைய ஒவ்வொரு மூச்சுக்கும் கூடவே மூச்சு விட்டுக்கொண்டு கேட்டார். சாவி திரும்பியது கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பிரிஜட் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கை பொத்தானுக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்க," என்றாள் அந்த மணல் குரலில். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கூடையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி கேட்டார்கள். பின்பாட்டு வந்தது, மதலேனாவின் கட்டைக் குரல் முந்திக்கொண்டு வந்தது. பிரிஜட்டின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தன்னுடைய பழைய குரலை, யாரோ தெரிந்தவள் வீட்டுப் பெண் பாடுகிறாள் என்பது போலக் கேட்டாள். கடைசி அடி உடைந்தது. மூச்சு வாங்கல். "யாரும்மா? யாருக்கு என்ன ஆச்சு? ஊர்ல இருந்து தந்தி வந்துச்சா?"

"எனக்குத்தான் அக்கா."

அதற்கு அடுத்து ஓர் ஆண் குரல் வந்தது. மைக்குக்கு மிகவும் பக்கத்தில் இருந்து, மற்ற எல்லாக் குரலையும்விடக் கணீரென்று வந்தது.

"ஒரு நிமிஷம், யாரும் பேசாதீங்க. இன்னும் டேப் ஓடுது."

சூசைநாதன் பொத்தானை அழுத்தினார். மிஷின் நின்று, நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நானா அப்படிச் சொன்னேன்?"

"மிஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க." பிரிஜட் சிரிக்கவில்லை. "எல்லார் குரலையும்விட உங்க குரல்தான் நல்லா விழுந்திருக்கு."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கழுத்தில் அந்தத் தழும்பு, ஒரு மெல்லிய சங்கிலி போட்ட மாதிரி. இவ்வளவு பக்கத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. அவள் கையைப் பிடித்தார். முருங்கைக்காயும் கொத்தமல்லியும் மணத்த கை.

"பேசு, பிரிஜட். எங்கிட்ட ஏதாச்சும் பேசு."

"இந்தக் குரல்லயா?"

"இந்தக் குரல்லதான்."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"டேப் ஓடலையே," என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.